அம்மாவின் அறைக்கு ஒரு வெள்ளை



மூத்த மகளின் நிக்காஹ் ரமளானுக்குப் பின் என்று முடிவானதும், எங்கள் வீட்டில் எழுந்த முதல் பேச்சு நகையைப் பற்றியதோ விருந்தைப் பற்றியதோ அன்று, சுவரைப் பற்றியது. அத்தா வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் வீட்டுக்குப் பூச்சு அடிக்கவே இல்லை. நோன்பு தொடங்கும் முன் தை மாதத்திலேயே வேலையை முடித்துவிட வேண்டும் என்றாள் என் மனைவி. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மகள் தானே எடுத்துக்கொண்டாள். "வீடு முழுக்க ஆஃப் ஒயிட் அத்தா. அதுவும் மஞ்சள் அடிக்காத, குளிர்ச்சியான ஆஃப் ஒயிட்" என்றாள்.

வெள்ளையில் குளிர்ச்சி என்றும் சூடு என்றும் உண்டு என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி வருபவன் நான். அணிவதும் வெள்ளை ஜிப்பாதான். எனினும் வெள்ளையைப் பற்றி ஒன்றும் அறியாதவனாக இருந்திருக்கிறேன். பெயிண்ட் கடைக்காரர் விளக்கினார். வெள்ளை அடிப்படைப் பூச்சில் மஞ்சள் ஆக்சைடும் காவிச் சிவப்பும் சில துளிகள் சேர்த்தால் பாலேடு, தந்தம் போன்ற சூடான வெள்ளைகள் கிடைக்கும். கறுப்போடு நீலமோ பச்சையோ துளியளவு சேர்த்தால் குளிர்ச்சியான வெள்ளைகள் கிடைக்கும். ஒரு லிட்டர் பூச்சில் கலப்பது சில துளிகள்தான். அந்தத் துளிகளே ஓர் அறையின் குணத்தை மாற்றிவிடும் என்றார் அவர். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் ஷேட் கார்டில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். நீலச் சாயல் கொண்ட, மெல்லிய மினுமினுப்புள்ள எமல்ஷன். பெயிண்டர் ஒரு டப்பா வாங்கிவந்து, அம்மாவின் அறைச் சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு அடித்துக் காட்டினார். மக்ரிபுக்குப் பின் டியூப் லைட்டைப் போட்டு எல்லோரும் பார்த்தோம். மகளுக்கு மகிழ்ச்சி. மனைவிக்குத் திருப்தி. கட்டிலில் அமர்ந்திருந்த அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "என்னப்பா இது, கஃபன் துணியை விரிச்சு வெச்ச மாதிரி இருக்கு. எனக்கு வேணாம்."

கல்யாண வீட்டில் இப்படியொரு சொல்லா என்று மகளின் முகம் வாடியது. எனக்குச் சினம் வந்துவிட்டது. அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. வலக்கண்ணுக்கு மட்டும் இரண்டு மாதங்களுக்கு முன் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. இடக்கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள். "கோளாறு சுவரில் இல்லைம்மா, உங்க கண்ணுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தஸ்பீஹை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் காலை மதரஸாவில் பெற்றோரைப் பேணுதல் பற்றிய பாடம். பெற்றோரை நோக்கிச் "சீ" என்றுகூடச் சொல்லலாகாது என்னும் திருமறையின் கட்டளையைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது என் நாக்கு தடுமாறியது. நான் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், சொன்ன விதம் அந்தக் கட்டளைக்குப் பொருந்தியதாக இல்லை. அன்று மாலைதான் இந்த வெள்ளையை உண்மையில் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

ஆரணியில் நிறத்தைப் பற்றி ஐயம் வந்தால் யாரிடம் போவது? சாயப் பட்டறைக்காரரிடம்தான். அத்தாவின் நண்பர் ஒருவர் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி முதுமை அடைந்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெள்ளைதான் தம்பி கஷ்டம். அரக்குக் கலரில் தப்பு செய்தால் மறைஞ்சிடும். வெள்ளையில் மறையாது" என்றார்.

பட்டு நூலின் கதையை அவர் சொல்லக் கேட்டபோது என் சுவரின் கதையும் விளங்கத் தொடங்கியது. கச்சாப் பட்டு வெள்ளையாக வருவதில்லை. நூலின் மேல் செரிசின் என்னும் இயற்கைப் பசை இருக்கிறது. நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுவே. நம் நாட்டுப் பட்டுக்கூடுகளில் பல மஞ்சளாகவோ பசுமஞ்சளாகவோ இருப்பவை. அந்த நிறத்தின் பெரும்பகுதி இந்தப் பசையில்தான் தங்கியிருக்கிறது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை அவித்தால் பசை கழன்று, பளபளக்கும் வெண்மை வெளிப்படும். அப்போதும் மஞ்சளின் நிழல் சிறிது எஞ்சியிருக்கும். அதன்மேல் இளநீலம் ஏற்றினால் பச்சை நோக்கிச் சாயும். ஆகவே சாயக்காரர் முதலில் பார்ப்பது ஏற்றப்போகும் நிறத்தையன்று, அடியில் இருக்கும் வெள்ளையை. அதையும் விளக்கொளியில் பார்ப்பதில்லை. நூல் கழியை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்.

"நீங்க ராத்திரியில், டியூப் லைட்டில், சின்னச் சதுரத்தில் பார்த்திருக்கீங்க. அது கலர் பார்க்கிறது இல்லை" என்றார் பெரியவர். பிறகு ஒன்று கேட்டார்: "உங்க அத்தா நோன்புக்கு முன்னால் வீட்டுக்கு அடிப்பாரே, அது என்ன வெள்ளை, ஞாபகம் இருக்கா?"

நினைவு இருந்தது. சுண்ணாம்புக் கல்லை வாங்கிவந்து தண்ணீரில் நீற்றி, ஆற வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வச்சிரப் பசை கலந்து, கடைசியில் ஒரு சிட்டிகை நீலம் சேர்ப்பார் அத்தா. வெள்ளைத் துணிக்குப் போடும் அதே நீலம். சிறுவனாக இருந்தபோது, வெள்ளை ஆவதற்கு ஏன் நீலம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "நீலம் இல்லேன்னா மஞ்சள் தெரியும்" என்பார். அதன் காரணம் எளிது. மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று ஈடுசெய்பவை. மஞ்சளித்த பரப்பில் சிறிது நீலம் சேர்த்தால், அது அனுப்பும் ஒளியின் மொத்த அளவு சற்றுக் குறைந்தாலும், கண்ணுக்கு அது கூடுதல் வெண்மையாகவே தோன்றும்.

ஆக, மகள் கேட்டது புதிய நாகரிகம் அன்று. குளிர்ச்சியான ஆஃப் ஒயிட் எங்கள் வீட்டுச் சுவரில் முன்பே இருந்தது. அதை அடித்தவர் அத்தா. அந்தச் சுவரோடு அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அப்படியானால் அம்மா வெறுத்தது எதை?

பெரியவரின் யோசனைப்படி சுவரில் அடிப்பதை நிறுத்தினோம். மூன்றடிப் பலகைகள் மூன்றை எடுத்து, பட்டியும் பிரைமரும் இட்டு, மூன்று வகைக் குளிர் வெள்ளைகளை இரண்டு பூச்சு அடித்தோம். ஒன்று மகள் தேர்ந்த நீலச் சாயல். மற்றொன்று நீலத்தைப் பாதியாகக் குறைத்தது. மூன்றாவது சாம்பல் சாயல் மட்டும் கொண்டது. மூன்றும் மினுமினுப்பு இல்லாத மேட் வகை. இவற்றை அறைக்கு அறை, சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, ஐவேளைத் தொழுகையை ஒட்டி ஒவ்வொரு நாளும் பார்த்தோம். ஃபஜ்ருக்குப் பின், ளுஹரில், அஸரில், மக்ரிபில், இஷாவுக்குப் பின் விளக்கொளியில். பலகையின் அருகே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வைத்தபோது, அதுவரை வெறும் வெள்ளையாகத் தெரிந்தவற்றின் உள்நிறம் உடனே தெரிந்தது.

ஒரே பூச்சு இரண்டு அறைகளில் இரண்டு நிறமாக இருந்தது. எங்கள் கூடம் மேற்குப் பார்த்தது. அஸருக்குப் பின் தங்க நிற வெயில் நேராக உள்ளே வரும். தரை பழைய ரெட் ஆக்சைடு. அதன் சிவப்பும் சுவரின் கீழ்ப்பகுதியில் படிகிறது. எதிர்வீட்டுக்காரர் அடித்திருக்கும் ஆரஞ்சு நிறமும் தன் பங்குக்கு ஒளியை அனுப்புகிறது. இத்தனை சூட்டுக்கு நடுவே நீலச் சாயல் பலகை நல்ல வெள்ளையாகத் தெரிந்தது. அங்கே பாலேட்டு நிறம் அடித்திருந்தால் மாலை நேரத்தில் சுவர் முழுதும் மஞ்சளாகியிருக்கும்.

அம்மாவின் அறை வடக்குப் பார்த்தது. ஆரணி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.7 பாகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். தை மாதத்தில் வடக்கு ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடையாது. உள்ளே வருவது வானத்தின் ஒளி மட்டும். அது இயல்பிலேயே நீலம் கலந்தது. கூடத்தில் வெள்ளையாக நின்ற அதே பலகை அங்கே வெளிறிப்போய், உயிரற்ற நீலமாகத் தெரிந்தது. அத்தாவின் காலத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே வெயில் படும் முற்றம் இருந்தது. இப்போது அங்கே அடுத்த வீட்டின் மாடி நிற்கிறது. சுவர் மாறவில்லை, அதற்கு வரும் ஒளி மாறிவிட்டது. அம்மாவின் கண்ணில் தெரிந்ததைப் பார்க்க எங்களுக்கு மூன்று நாட்கள் ஆயின.

கண்ணைப் பற்றியும் நான் அறியாதது இருந்தது. இடக்கண் பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துச் சென்றபோது மருத்துவரிடம் கேட்டேன். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் பழுப்பேறுகிறது. அது நீல ஒளியை வடிகட்டிவிடுகிறது என்றார் அவர். அறுவைச் சிகிச்சையில் அந்த வில்லையை நீக்கித் தெளிவான செயற்கை வில்லையைப் பொருத்தும்போது, அத்தனை ஆண்டுகளாக மறைந்திருந்த நீலம் திடீரென உள்ளே வருகிறது. ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை ஆனவர்கள், கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்து இரண்டு வெள்ளைகளைக் காண்பது வழக்கம் என்றார். பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேவுக்கு 1923-இல் வலக்கண்ணில் புரை நீக்கப்பட்டது. அதன்பின் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவர் முறையிட்டார் என்பதைப் பின்னர் படித்தேன். நிறத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கே அப்படி இருந்திருக்கிறது.

"உங்க கண்ணுலதான் கோளாறு" என்று சொன்னேனே, அந்த வீட்டில் நீலத்தை மிகத் தெளிவாகப் பார்த்தது அம்மாவின் வலக்கண்தான். எங்கள் எல்லோரையும்விட.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா சிறிது நேரம் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "உங்க அத்தாவை அந்த ரூம்லதானப்பா கிடத்தியிருந்தாங்க. ராத்திரி முழுக்க அந்த டியூப் லைட்டு எரிஞ்சுது. வெள்ளைத் துணி, அந்த வெளிச்சத்துல நீலமா இருந்துச்சு. அன்னிக்கு நீங்க சுவத்துல அடிச்சதும் அதே மாதிரி இருந்துச்சு. கல்யாண வீட்டுல இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் தவறிடுச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஆறு ஆண்டுகளாக அந்த அறையில், அதே விளக்கின் கீழ் அம்மா உறங்கி எழுந்திருக்கிறார். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதை நாங்களும் கேட்டதில்லை. வீட்டை அமைதி தரும் இடமாக அல்லாஹ் ஆக்கித் தந்திருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் வருகிறது. பலமுறை அதை ஓதி, விளக்கமும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருவருக்கு ஓர் அறை அமைதி தராமல் இருந்ததை மட்டும் அறியாதிருந்தேன்.

அன்று மாலையே விளக்குகளைக் கவனித்தோம். எல்.இ.டி. விளக்கின் அட்டைப்பெட்டியில் கெல்வின் எண் அச்சிட்டிருப்பார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6500 கெல்வின். அது நீலம் தூக்கலான ஒளி. 4000 என்பது நடுநிலை. 3000 என்பது பழைய குண்டு பல்பைப் போன்ற இளமஞ்சள். குளிர்ச்சியான வெள்ளைச் சுவரின்மேல் 6500 ஒளியைப் பாய்ச்சுவது, நீலத்தின்மேல் மேலும் நீலத்தைச் சேர்ப்பதுதான். அம்மாவின் அறையில் 4000 கெல்வின் விளக்கை மாட்டி, கட்டிலருகே 3000-இல் ஒரு சிறு விளக்கு வைத்தோம். பழைய டியூப் லைட்டைச் சட்டத்தோடு கழற்றி வெளியே வைத்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூன்று பலகைகளையும் அந்த அறையில் வைத்தோம். மகளே பாட்டியின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். "தாதிமா, உங்களுக்கு எது பிடிக்குதோ அதுதான். வீட்டுக்கு மூணும் ஒண்ணுதான், எல்லாம் வெள்ளைதானே" என்றாள். அம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் அருவருப்பில்லாமல் இருந்தது, நீலத்தைப் பாதியாகக் குறைத்த பலகைதான். "இது நம்ம சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றார்.

அது தற்செயல் அன்று. சுண்ணாம்புச் சுவர் பளபளக்காது. ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறச் செய்யும். முதல் நாள் நாங்கள் அடித்த பூச்சில் மினுமினுப்பு இருந்ததால், டியூப் லைட்டின் வெள்ளைக் கோடு சுவரில் அப்படியே விழுந்தது. மேட் பூச்சில் அது இல்லை. கழுவுவதற்கு மினுமினுப்புள்ளதே எளிது என்பது உண்மை. அதனால் சமையலறைக்கும், சிறுவர்கள் கை வைக்கும் நடைவழிக்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டோம். கூடத்துக்கு மகள் முதலில் தேர்ந்த நீலச் சாயலே, மேட் வகையில். கிப்லாத் திசைச் சுவரில் படமோ கோலமோ எதுவும் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். சித்திரம் உள்ள திரைச்சீலை தொழுகையில் கவனத்தை இழுப்பதாகச் சொல்லி, நபி (ஸல்) அவர்கள் அதை அகற்றச் சொன்ன செய்தி நாம் அறிந்ததே.

உங்கள் வீட்டுக்கும் இத்தகைய நிறத்தைத் தேட எண்ணினால், நான் தவறிக் கற்றவற்றைச் சொல்கிறேன். ஷேட் கார்டின் சிறு துண்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். நான்கு சுவரிலும் படும்போது அதே நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். கிடைக்கும் மிகச் சிறிய டப்பாவை வாங்கிப் பலகையில் அடித்துப் பாருங்கள். வெயில் வரும் மேற்குப் பக்க அறைக்கு நீலச் சாயல் பொருந்தும். வெயில் வராத வடக்கு அறைக்கு நீலத்தைக் குறைத்து, சாம்பல் சாயலோடு நிறுத்துவது நல்லது. பூச்சு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் எண் உண்டு. கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார். முதியவர் இருக்கும் இருண்ட அறைக்கு 75-க்குக் குறையாததாகப் பாருங்கள். மேற்கூரைக்குத் தூய வெள்ளை அடித்தால், அதன் அருகே ஆஃப் ஒயிட் சுவர் அழுக்காகத் தெரியக்கூடும். அதே நிறத்தைக் கூரைக்கும் கொண்டுபோகலாம். சுவரின் தன்மையைப் பொறுத்து, 1 லிட்டர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு ஏறத்தாழ 100 முதல் 140 சதுர அடி வரும். அளந்து வாங்கினால் வீண்விரயம் இராது. விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள், பூச்சைப் பிறகு.

எல்லாவற்றுக்கும் முன், அந்த அறையில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவர் யாரோ, அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். நிக்காஹுக்குப் பின் மகள் தன் வீட்டுக்குச் சென்றுவிடுவாள். நான் காலையில் மதரஸாவுக்குப் போனால் இரவில்தான் திரும்புகிறேன். அந்தச் சுவரைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் அம்மா ஒருவரே.

அல்ஹம்துலில்லாஹ், அம்மாவின் இடக்கண் சிகிச்சையும் நலமாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து அறையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி இருக்குப்பா" என்றார். பிறகு, "உங்க அத்தா இருந்தா, நீலம் கொஞ்சம் கூடிப்போச்சுன்னு சொல்லியிருப்பாரு" என்று சிரித்தார். அந்த அறையில் அத்தாவின் பேச்சை எடுத்து அம்மா சிரித்தது, ஆறு ஆண்டுகளில் அன்றுதான்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அவற்றில் வாழும் ஒவ்வொருவருக்கும் அமைதி தரும் இடங்களாக ஆக்குவானாக. நம் பெற்றோர் சொல்லாமல் வைத்திருப்பவற்றையும் கேட்டறியும் பொறுமையை நமக்குத் தருவானாக. ஆமீன்.